பாலும் பழமும்: ஒரே நுரையீரலில் இரண்டு நோய்

போன வாரம் 'பாலும் பழமும்' (1961) மறுபடியும் பார்த்தேன். பீம்சிங் இயக்கம். சிவாஜி புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் டாக்டர். நர்ஸாக இருந்து மனைவியாகும் சரோஜாதேவிக்கு டிபி. தன்னால் கணவரின் ஆராய்ச்சி நிற்கக் கூடாதென்று வீட்டை விட்டே போய்விடுகிறார்.

படம் இதைத் தியாகம் என்கிறது. எனக்கு உறுத்தியது தேதி. 1959-லேயே இதே சென்னையில், சேத்துப்பட்டு காசநோய் மையத்தின் ஆய்வு முடிவு வந்துவிட்டது: சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே, வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் குணமானார்கள், அதனால் வீட்டாருக்குத் தொற்று கூடவில்லை என்பதும் 1960-ல் வெளிவந்தது. ஆனாலும் டிபி என்றால் விலகிப் போகணும் என்ற எண்ணம்தான் நம்ம வீடுகளில் தங்கியது.

எங்க பெரியப்பா தி.நகர்க்காரர். இளவயதில் டிபி வந்து, முழுசா குணமானவர். வீட்டில் யாரும் பேர் சொல்ல மாட்டாங்க, 'அப்போ உடம்பு முடியாம இருந்தாரே' என்பதோடு சரி. அறுபது வயசுக்கு மேல் இருமல், எடை குறைந்தது. "திரும்ப அதுவா இருந்தா? பேத்திக்கு வரன் பாக்கறோமே" என்று ரெண்டு மாசம் டாக்டரிடமே போகலை. போனபோது எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தது. சளியில் கிருமி இல்லை. ஆனாலும் டிபி மருந்து. ஐந்து மாதம் கழித்து சி.டி. ஸ்கேன், பயாப்ஸி. நுரையீரல் புற்றுநோய், ஆபரேஷன் கட்டத்தைத் தாண்டியிருந்தது.

டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. ரெண்டு நோயிலும் இருமல், சளியில் ரத்தம், எடைக் குறைவு, எக்ஸ்ரேயில் நிழல். டிபி அதிகமுள்ள ஊரில் முதல் சந்தேகம் அதன் மேல்தான் போகும். எங்க வேலையிலும் இது நடக்கும்: புது பக் வந்தால், பழைய பக் மாதிரியே இருக்கேன்னு 'டூப்ளிகேட்' போட்டு மூடிவிடுவோம்.

படத்தில் புற்றுநோய் கணவரின் ஆராய்ச்சிக் கூடத்தில், டிபி மனைவியின் உடம்பில். ரெண்டும் ஒரே நுரையீரலில் வரலாம் என்று கதைக்குத் தோன்றவில்லை. நமக்கும் தோன்றுவதில்லை.

முன்பு டிபி வந்தவர் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் மறைக்காதீங்க. கூடவே, 'கிருமி இருப்பது உறுதியா? தழும்பு முன்பு இருந்த மாதிரியே இருக்கா, மாறியிருக்கா?' என்றும் கேளுங்க. அதற்குப் பழைய எக்ஸ்ரே வேணும்.

பெரியப்பாவின் பழைய எக்ஸ்ரேயை டாக்டர் கேட்டார். இல்லை. சம்பந்தி வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, அவர் மகள் கல்யாணத்துக்கு முன்பே பெரியம்மா அதைக் கிழித்துப் போட்டிருந்தார்.