சென்று சேராதவர்களின் வழக்கு

பயணத்தைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்கள் பெரும்பாலும் இருவரையே போற்றி வந்துள்ளன: புறப்பட்டவர், சென்று சேர்ந்தவர். இவ்விருவருக்கும் நடுவே, வழியிலேயே பிறந்து வழியிலேயே மடிகின்ற மனிதருக்கு அப்பயணம் என்ன பொருள் தரும்? அறிவியல் புனைகதையில் 'தலைமுறைக் கப்பல்' என வழங்கும் வகை இவ்வினாவிலிருந்தே தன் வலிமையைப் பெறுகிறது. அவ்வகையைச் சேர்ந்த இரு படைப்புகளை, உர்சுலா லெ குவினின் 'பாரடைஸஸ் லாஸ்ட்' (2002) என்னும் குறுநாவலையும் கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'அரோரா' (2015) என்னும் நாவலையும், இவ்வினாவைக் கொண்டே நாம் இங்கு மதிப்பிட முனைகிறோம்.

இவ்வகைக் கதைகளுக்கு அடிப்படை தூரமே. கதிரவனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி ஏறத்தாழ 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. நொடிக்கு 17 கிலோமீட்டர் அளவில் விரையும் வாயேஜர் 1 விண்கலம்கூட அத்தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். வேகத்தை எத்துணை பெருக்கினாலும், வாழத்தக்க கோள் ஒன்றை நாடிச் செல்லும் கப்பல் தானே ஓர் ஊராக வேண்டும்; அங்கே பிறப்பும் மணமும் இறப்பும் நிகழ வேண்டும். ராபர்ட் ஹைன்லைன் 1941இல் எழுதிய 'யுனிவர்ஸ்' என்னும் கதையில், வழித்தோன்றல்கள் பயணத்தையே மறந்து, கப்பலைப் பிரபஞ்சமெனக் கொள்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட இரு படைப்புகளின் மாந்தரோ தாம் எங்கிருக்கிறோம் என்பதை அறிந்தவர்கள். அறிந்திருந்தும் விலக வழியற்றவர்கள் என்பதால் இவர்களின் துயரம் இன்னும் ஆழமானது.

ராபின்சனின் கப்பல் டௌ செட்டி விண்மீனை நோக்கிச் செல்கிறது. அதன் தலைமைப் பொறியாளரைப் போன்ற தேவி என்னும் பெண், உப்பும் பாஸ்பரசும் சுழற்சியில் குறைந்துகொண்டே போவதைக் கண்டு ஓயாது போராடுகிறாள். இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் அரிசோனாவில் 1991இல் எண்மர் புகுந்து ஈராண்டு வாழ்ந்த 'பயோஸ்பியர் 2' என்னும் மூடிய கட்டடத்தில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காடாகக் குறைந்தது. வெளியிலிருந்து செலுத்த நேர்ந்தது. சிறு உலகம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளாது என்னும் வாதத்தை ராபின்சன் திறம்பட நிறுவுகிறார். தேவியின் மகள் ஃபிரேயா, பூமிக்குத் திரும்பியபின் புதிய பயணங்களைப் போற்றிப் பேசுபவரைத் தாக்கும் இடத்தில் அவ்வாதம் கோபமாக வெடிக்கிறது. ஆயினும் ஒரு குறையைச் சுட்டியாக வேண்டும். கப்பல் சேருமிடத்தை நெருங்கும் காலத்தில்தான் நாவல் தொடங்குகிறது. நடுவில் வாழ்ந்து மறைந்தோர் ஆசிரியரின் வழக்குக்குச் சான்றாகிறார்களேயன்றி மனிதராக நம்முன் வருவதில்லை.

லெ குவின் தொடங்குவதே அம்மனிதரிடமிருந்துதான். ஷிங், லூயிஸ் என்னும் இரு குழந்தைகள் கப்பலில் வளர்கின்றனர். மலை, காற்று, விலங்கு என்பன அவர்களுக்குப் பொருளறியாச் சொற்கள். எனினும் அவர்கள் வாழ்வு வறுமையானதன்று; நட்பும் கல்வியும் கருத்து மாறுபாடும் நிறைந்தது. பயணமே பேரின்பம், சேருமிடம் வேண்டியதில்லை என்னும் ஒரு நெறியும் அங்கே பரவுகிறது. எதிர்பார்த்ததற்குப் பல்லாண்டு முன்னரே கோள் நெருங்குகையில், இறங்குவதா தொடர்வதா என்பதை ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டியதாகிறது. சிலர் இறங்குகின்றனர், ஏனையோரைச் சுமந்து கப்பல் அப்பால் செல்கிறது.

மூதாதையர் தமக்கே வைத்துக்கொண்ட தேர்வுரிமை, தலைமுறைகள் கடந்து மீண்டும் மனிதர் கைக்கு வருகின்ற கட்டம் இது. இரு தரப்பில் எதையும் ஆசிரியர் தண்டிப்பதில்லை. இறங்கியவர்க்கும் அது சொர்க்கமாக அமைவதில்லை. திறந்த வெளியும் காற்றும் அவர்களை அச்சுறுத்துகின்றன. இந்நடுநிலையே இக்குறுநாவலின் உயர்வு என்பது நம் துணிபு.

ஒன்றில் மட்டும் நாம் உடன்படவியலாது. நம்பிக்கை இக்கதையில் சேருமிடத்தை மறுப்பதற்கான புகலாகவே காட்டப்படுகிறது. தான் காணப்போகாத பேரர்க்காக ஒருவர் நீரையும் விதையையும் காப்பதற்குத் துணைநிற்பதும் நம்பிக்கைதான். அந்த முகம் இங்கே வரையப்படவில்லை. அக்குறை நீங்கியிருப்பின் படைப்பு மேலும் முழுமை பெற்றிருக்கும்.

எனினும், ராபின்சன் கப்பல் செல்லுமா என்று வினவுகிறார். லெ குவின் அனுப்பியவர்க்கு அந்த உரிமை இருந்ததா என்று வினவுகிறார். இன்னும் பிறவாதவர் மீது கடன்களையும் அணுக்கழிவுகளையும் ஏற்றிவைக்கும் தலைமுறையினராகிய நமக்கு இரண்டாம் வினாவே நெருக்கமானது.