வாஷ்ரியின் பயணம்

ஈ. எம். போஸ்ரர் 1909ஆம் ஆண்டில் எழுதிய 'த மெஷின் ஸ்ரொப்ஸ்' என்னும் கதை, 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மீண்டும் பரவலாகப் படிக்கப்பட்டது. நிலத்தடி அறைகளிலே தனித்து வாழும் மாந்தர், ஒளித்தட்டொன்றின் வாயிலாகவே ஒருவரோடொருவர் உரையாடுகின்றனர். விரிவுரைகளும் அவ்வழியே நிகழ்கின்றன. எனவே, இது திரைவழிச் சந்திப்புக்கு எதிரான தீர்க்கதரிசனம் என்றே பலர் கொண்டனர். இக்கருத்துக் கதையின் ஒரு பாதியை மட்டுமே நோக்குவதாகும்.

நேரில் வருமாறு மகன் குனோ அழைக்க, தாய் வாஷ்ரி வான்கப்பலில் இரண்டு நாட் பயணஞ் செய்கின்றாள். (அவ்வழைப்பும் ஒளித்தட்டின் வழியாகவே வந்தது என்பதை மறத்தலாகாது.) இப்பயணப் பகுதியே கதையின் உயிர்நிலை. கீழே இமயம் தோன்றும்போது, அதிற் கருத்தேதும் இல்லையெனச் சன்னலை மறைக்கின்றாள். தடுமாறிய தன்னைத் தாங்கக் கைநீட்டிய பணிப்பெண்ணைச் சினந்துகொள்கின்றாள். மகனைக் கண்ட பின்பும் அவன் கையைப் பற்றினாளல்லள். பூமியின் மறுபக்கம் சென்றும் அவள் தன் அறையைவிட்டு வெளியேறவேயில்லை எனலாம். விமான நிலையம், விடுதி, கூட்ட மண்டபம் என எந்நாட்டிலும் ஒரே வகைச் சுவர்களுக்குள் அமர்ந்து மீளும் இன்றைய வணிகப் பயணியை நான் வாஷ்ரியிடமே காண்கின்றேன். அத்தகைய பயணத்தைத் திரைக்கு விட்டுவிடுவதால் நாம் இழப்பது யாது?

தேவைக்கு மிஞ்சிய வான்கப்பல்கள், நிறுத்துவதிலும் நடத்துவதே எளிதென்பதால் ஓடிக்கொண்டிருப்பதாகப் போஸ்ரர் எழுதுகின்றார். ஐரோப்பிய விமான நிலையங்களில் தமக்குரிய நேர ஒதுக்கீட்டை இழவாதிருக்கும்பொருட்டு, 2020 மார்ச்சில் விமானங்கள் ஏறத்தாழ வெறுமையாகவே பறந்தமை ஈண்டு நினைவுக்கு வருகின்றது.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க முடியாது. போஸ்ரரின் உலகில் எவருக்கு வான்கப்பல் கிட்டாது என்ற வினா எழுவதேயில்லை. நமது உலகிலோ, 2018ஆம் ஆண்டில் நாடு கடந்து பறந்தோர் மக்களில் 4 வீதத்தை விஞ்சவில்லையென 2020இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. வர்த்தக விமானங்கள் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ அரைவாசி, மக்களில் 1 வீதத்தினராலேயே ஏற்படுவதாகவும் அது கூறிற்று. விசாவும் டொலரும் தடுத்து நிறுத்தும் நம்மவர்க்குத் திரை பயணத்தின் பிரதியீடு அன்று. இதுகாறும் புகமுடியாதிருந்த கருத்தரங்கொன்றின் வாயில்.

அவ்வாயிலும் 2022 மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாதபோது அடைபட்டது. இயந்திரம் நிற்பது போஸ்ரருக்குக் கற்பனை. அவர் கதையில் அது நின்ற இருளிலே, தாயும் மகனும் முதன்முறையாகத் தொட்டு உரையாடுகின்றனர். நாமோ கைத்தொலைபேசியில் எஞ்சியிருந்த மின்னைக் காத்துக்கொண்டு, அடுத்து மின்சாரம் வரும் நேரத்தை ஒருவரையொருவர் வினவிக்கொண்டிருந்தோம்.