ரசீதுப் புத்தகம்

சர்க்கார் பணத்தைக் கையாடிய மனிதனைப் பற்றி நான் படித்திருக்கும் கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு குமாஸ்தா. அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு பெண். கஜானாவில் ஆயிரம் ரூபாய் குறைகிறது. விடிந்தால் ஆடிட்டர் வந்துவிடுவார். இரவெல்லாம் அவர் கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறார். படிக்கிற நமக்கும் கண் கலங்குகிறது. கலங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கஜானாவில் பணம் குறைந்தால்தான் திருட்டு என்று நம் கதாசிரியர்கள் இன்னும் எத்தனை காலத்துக்கு நம்பிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

தருமபுரி வழக்கைப் பாருங்கள். 2018 முதல் 2020 வரை அந்த மாவட்டத்தில் கலெக்டராக இருந்த எஸ். மலர்விழி மீதும், சரக்குக் கொடுத்த தனியார் நிறுவனத்தார் மீதும் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்து, 2023 ஜூன் மாதத்தில் பல ஊர்களில் சோதனை நடத்தியது. மாவட்டத்தின் 251 கிராம ஊராட்சிகளுக்கும் வரி ரசீதுப் புத்தகங்கள் வாங்கியதில் சர்க்காருக்கு 1 கோடியே 31 லட்ச ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுத்தான், தீர்ப்பல்ல. யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று சொல்ல வேண்டியது கோர்ட்டு. அந்த நாற்காலியில் உட்கார எனக்கு ஆசையில்லை. என்னை உறுத்துவது அந்தக் குற்றச்சாட்டின் உருவம்.

வாங்கியதாகச் சொல்லப்படுவது 1,25,500 புத்தகங்கள். அதாவது ஊராட்சிக்கு ஐந்நூறு. செலவு ஏறக்குறைய 1 கோடியே 82 லட்சம். பென்சிலும் காகிதமும் இருந்தால் நீங்களே வகுத்துப் பார்க்கலாம்: புத்தகம் ஒன்றுக்குச் சுமார் 145 ரூபாய் விழுகிறது. நஷ்டம் என்று சொல்லும் தொகையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சுமார் 40 ரூபாய்.

இப்படிப்பட்ட காரியத்தில் கஜானாவைத் திறந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. உத்தரவு இருக்கும், பில் இருக்கும், சரக்கு வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து இருக்கும். கூட்டினாலும் கழித்தாலும் காலணா உதைக்காது. கணக்கு சரியாக இருக்கும். விலைதான் சரியாக இருக்காது. நம் குமாஸ்தாவாவது ராத்தூக்கம் கெட்டார். இந்த வகைக் கதையில் தூக்கம் கெட வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை. அதனால்தானோ என்னவோ எழுத்தாளனும் இந்தப் பக்கம் வருவதில்லை. கண்ணீர் இல்லாத இடத்தில் அவனுக்கு என்ன வேலை!

இது புதிய வித்தை என்றும் சொல்வதற்கில்லை. சர்க்கார் பணத்தை உத்தியோகஸ்தர் விழுங்கும் வழிகள் நாற்பது என்று அர்த்தசாஸ்திரம் எண்ணிச் சொல்கிறது; விலையில் செய்யும் புரட்டு அந்த நாற்பதில் ஒன்று. சாணக்கியருக்குத் தெரிந்த அளவுகூட நம் நாவல்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் குறை.

அதிலும் தருமபுரியில், அதிலும் ரசீதுப் புத்தகத்தில்! 1792இல் பாரமகால் திப்புவின் கையிலிருந்து கும்பினியாரிடம் போனபோது, ரீடுக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ ஏழு வருஷம் இந்தச் சீமையில்தான் வேலை பார்த்தார். இடைத்தரகர் இல்லாமல் குடியானவனிடம் நேராகவே வரி வாங்குவது என்ற ரயத்துவாரி ஏற்பாடு இங்கேதான் முளைவிட்டது. கும்பினியார் வாங்கிய வரியின் பாரத்தைப் பற்றி வேறு சமயம் பேசலாம். குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் தவிர வேறு யாரும் நிற்கக் கூடாது என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் பழசு என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் காகிதத்துக்குக் கிராமத்தில் என்ன மதிப்பு என்று பட்டணத்து வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டு வரி ரசீது இருந்தால் மின்சார இணைப்புக்கு மனுப் போடலாம். வீடு என்னுடையது என்று பங்காளி முன்னால் நின்று பேசலாம். பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள்கூட அதைத் தகரப் பெட்டியில், பிள்ளைகளின் ஜாதிச் சான்றிதழோடு சேர்த்துப் பூட்டி வைத்துவிட்டுத்தான் போவார்கள். “நான் கொடுத்தேன், நீ வாங்கிக்கொண்டாய்” என்று சர்க்காரைப் பார்த்து ஏழை சொல்வதற்கு அவனிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. அந்தச் சாட்சியை அச்சடித்த விலையிலேயே புரட்டு என்று வழக்கு!

எழுத வருகிற இளைஞர்கள் என்னிடம் கரு கேட்கிறார்கள். குமாஸ்தாவை விட்டுவிடுங்கள், பாவம், அவர் நிறைய அழுதுவிட்டார். பென்னாகரம் பக்கம் ஒரு கிழவி வரி கட்டிவிட்டு ரசீதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள். புத்தகத்தின் விலையை அவளிடம் யாராவது சொல்கிறார்கள். அவள் முடிச்சை அவிழ்த்து, அந்தக் காகிதத்தை இன்னொரு தரம் திருப்பிப் பார்க்கிறாள். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.