66, 68.5, 69

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவதும் கடைசியும். அதன்பின் உபரிநீர் ஆற்றில் இறங்கும். ஆண்டிபட்டி அருகே 1959இல் திறக்கப்பட்ட, 71 அடி வரை நீர் தேக்கும் இந்த அணையின் எச்சரிக்கை தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களுக்குப் போகிறது. ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் அலர்ட் அமைப்பவர்கள் இதை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

மூன்றே படிகள். முதலாவது தயாராகச் சொல்கிறது, மூன்றாவது கரையை விட்டு விலகச் சொல்கிறது. நெட்வொர்க் அறைகளிலோ கருவி வந்த அன்றே எல்லா அறிவிப்புகளையும் திறந்துவிடுகிறார்கள். யாரோ மாலையில் கணினியை அணைத்தாலும் குறுஞ்செய்தி. சில வாரங்களில் பொறுப்பாளர் அந்தச் செய்திகளை மியூட் செய்துவிடுவார். இணைப்பு உண்மையிலேயே அறுந்த இரவில் அவர் தூங்கிப்போனால், பழி அலர்ட்டை அமைத்தவருக்கே.

அணையின் முறையிலும் ஓட்டை உண்டு. அந்தப் படிகள் மட்டத்தைத்தான் பார்க்கின்றன, ஏறும் வேகத்தை அல்ல. அணைக்கு வரும் பெரியாறு நீர் லோயர் கேம்ப் வழியாக அளந்து விடப்படுவது. வருசநாட்டு மலையில் கொட்டும் மழை மூல வைகையில் திடுமென வருவது. இரண்டாலும் 66 அடி நிரம்பலாம், ஆபத்து ஒன்றல்ல. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே அரை அடிதான். காட்டாற்று வெள்ளத்தில் அந்த இடைவெளி மிகச் சுருங்கிவிடும். நீர்வரத்தை நாள்தோறும் கணக்கிடத்தான் செய்கிறார்கள். அந்தக் கணக்கு எச்சரிக்கைப் படிக்குள் நுழைய வேண்டும். நெட்வொர்க்கிலும் பயன்பாடு 90 சதவீதம் என்ற ஒற்றை எல்லை போதாது. அதை எட்ட ஒரு மாதம் ஆனதா, பத்து நிமிடமா என்பதே முக்கியம்.

இன்னும் பெரிய குறை மௌனம். மின்சாரம் போன ரவுட்டர் தான் போனதைச் சொல்லாது. கருவி தானாக அனுப்பும் எஸ்.என்.எம்.பி. டிராப் செய்தி, சேர்ந்ததை உறுதிசெய்யாத யூ.டி.பி. வழியே போவதால், சேர்ந்ததா என்று அனுப்பிய கருவிக்கும் தெரியாது. ஆகவே கண்காணிப்பு மையம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்க வேண்டும், பதில் வராததையே அலர்ட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

செய்தி போகும் வழியிலும் குறை உண்டு. அணையின் அபாயச் சங்குக்கு செல்போன் கோபுரம் தேவையில்லை. பல அலுவலகங்களிலோ, இணைப்பு அறுந்ததைச் சொல்லும் மின்னஞ்சல் அறுந்த இணைப்பின் வழியேதான் போகும்படி அமைந்திருக்கிறது. சிம் போட்ட தனி மோடம் ஒன்று வேண்டும். மாதம் ஒருமுறை கேபிளைப் பிடுங்கி, செய்தி வருகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.