'அடுத்த வீட்டுப் பெண்': காதலின் தடையும் கண்டோர் கூற்றும்

பிரெஞ்சு நெறியாளர் பிரான்சுவா த்ரூஃபோ 1981ஆம் ஆண்டில் ஆக்கிய 'அடுத்த வீட்டுப் பெண்' என்னும் திரைப்படத்தை, மணம் என்னும் தடைக்கு இரையான காதலின் கதை என்று கூறுவர் பலர். (1960இல் தமிழில் இப்பெயரோடு வெளிவந்த நகைச்சுவைப் படம் வேறு.) அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கிரெனோபிள் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பெர்னார் தன் மனைவியுடனும் சிறு மகனுடனும் அமைதியாக வாழ்கிறான். அடுத்த வீட்டிற்குக் குடிவரும் ஃபிலிப்பின் மனைவி மத்தில்த், பல ஆண்டுகளுக்குமுன் அவன் காதலித்துப் பிரிந்தவள். இருவரும் அப்பழைய உறவைத் தத்தம் துணைவருக்கு மறைக்கின்றனர். மறைத்த அன்றே பழைய தீ மீண்டும் மூளத் தொடங்கிவிடுகிறது.

இனி, இக்காதலுக்குத் தடை யாது? மணம் எனின், முன்பு இருவரும் மணத்தால் கட்டுண்டிராத காலத்திலும் அவர்களால் கூடி வாழ இயலவில்லையே! மறைவே காதலை வளர்த்தது எனின், விருந்தொன்றில் பெர்னார் வெறிகொண்டு நடந்து அனைத்தையும் வெளிப்படுத்திய பின்னரும் காதல் தணியவில்லை. அவன் தெளியத் தெளிய, அவள் நோயுற்று மருத்துவமனை சேர்கிறாள். துணைவர் இருவரும் கொடியவரல்லர்; பொறுத்துக்கொள்பவரே. ஆதலின் தடை புறத்ததன்று, அகத்தது என்பதே நம் கருத்து.

இக்கருத்தை வலியுறுத்துபவர் மதாம் ழூவ் என்னும் மூதாட்டியார். ஊர் டென்னிசுக் கழகத்தை நடத்தும் அவரே கதையை நமக்குச் சொல்பவர். அகப்பாடல்களில் பயின்றோர் இதனைக் கண்டோர் கூற்று எனக் கொள்ளலாம். தொடக்கத்தில் அவர் விளையாட்டு வீராங்கனை போலத் தோன்றுகிறார். ஒளிப்படக் கருவி பின்வாங்கியதும் ஊனமுற்ற கால் தெரிகிறது. காதலின் பொருட்டு ஒருகால் சாளரத்திலிருந்து குதித்து உயிர் பிழைத்தவர் அவர். பழைய காதலர் தம்மைக் காண வருகிறார் என்றறிந்ததும் பாரிசுக்குச் சென்றுவிடுகிறார். அது வெறுப்பாலன்று, மீண்டும் மூட்டலாகாத தீ இது என உணர்ந்தமையால் என்க. அறநூலாரின் வாயில் வையாது, தாமே எரிந்து மீண்டவர் வாயில் கதையை வைத்தமையால் படம் பழியுரையாகாமல் பரிவுரையாகிறது.

குறையும் ஒன்று உண்டு. ஃபிலிப் பொறுமையின் உருவமாக மட்டுமே நின்றுவிடுகிறான். அவன் உள்ளத்து வேதனையை நாம் போதிய அளவு காண்பதில்லை. முடிவு திடீரென வருகிறது என்பாரும் உளர். இரவில், ஆளில்லாத அடுத்த வீட்டில் சாளரக் கதவு அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டுச் செல்லும் பெர்னாரை, மத்தில்த் கூடியிருந்த நிலையிலேயே சுட்டுத் தானும் மாய்கிறாள். ஆயினும், விரைந்து செல்லும் மருத்துவ வண்டியோடு படம் தொடங்குதலின், என்ன நிகழும் என்பதன்று, ஏன் நிகழ்ந்தது என்பதே நம்முன் நிற்கும் வினாவாகும்.

இறுதியில், இருவர் கல்லறைக்கும் உரிய வாசகத்தை மதாம் ழூவ் எண்ணிப் பார்க்கிறார்: கூடியும் வாழ இயலாமை, பிரிந்தும் வாழ இயலாமை என்பதே அதன் பொருள். ஆனால் அவரை யாரும் கேட்கப்போவதில்லை என்பதை அவரே அறிவார். ஊரார் கேளாத அவரைக் கலைஞர் கேட்டிருக்கிறார். இப்படத்தின் சிறப்பு அதுவே.