நெய்தவன் இல்லாத நெசவு

நூலின் பெயரே நம்மோடு வழக்காட வருகிறது. டெட் காப்ச்சக் என்னும் அமெரிக்கர் சீன மருத்துவத்தை மேலை வாசகருக்கு விளக்கி 1983இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பைத் தமிழில் 'நெய்தவன் இல்லாத நெசவு' எனலாம். மக்காவோவில் அம்மருத்துவத்தைப் பயின்று திரும்பியவர் அவர். 2000இல் நூலின் திருத்திய பதிப்பு வெளிவந்தது. தீராத மூட்டுவலிக்கும் தூக்கமின்மைக்கும் அக்குபங்சர் ஊசியை நாடும் விசுவாசிகள் நம் சபைகளிலும் உள்ளனர். 'ஐயா, இது நமக்கு ஆகுமா?' என்று ஆயரைக் கேட்போரும் உள்ளனர். விடையிறுக்கும் முன் அம்மருத்துவத்துக்காக வாதாடும் நல்ல நூல் ஒன்றை நேர்மையாகப் படித்தல் நம் கடன்.

தலைப்பின் பொருளை ஆசிரியரே விளக்குகிறார். மேலைச் சிந்தனை ஒரு நிகழ்வைக் கண்டவுடன் அதன் பின்னால் உள்ள காரணத்தைத் தேடுகிறது. இறுதிக் காரணமாகப் படைத்தவரிடம் சென்று சேர்கிறது. சீனச் சிந்தனையோ நிகழ்வுகள் தம்முள் எவ்வாறு இழையோடுகின்றன என்பதையே நோக்குகிறது. யின், யாங் என்னும் இரு நிலைகளும் 'ச்சி' என்னும் உயிரோட்டமும் அந்நெசவின் பாவும் ஊடும். நெய்தவரைப் பற்றிய கேள்வி அங்கு எழுவதில்லை.

இதைக் கண்டதும் 'நாத்திகம்' என்று நூலை மூடிவைக்கும் கிறித்தவர் இருக்கக்கூடும். அவர்கள் அவசரப்படுகின்றனர். தச்சன் படைப்பாளரை அறிக்கையிட்ட பின்னரே மேசை நேராக நிற்கும் என்று எவரும் சொல்வதில்லை. மருத்துவரையும் மண்ணிலிருந்து தோன்றும் மருந்துகளையும் ஆண்டவரே உண்டாக்கினார் என்று சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. நமக்கு அது இணைத்திருமறையே ஆயினும், அதன் இக்கருத்தைப் பெரும்பாலான திருச்சபைகள் மறுப்பதில்லை. நூலோடு நாம் வழக்காட வேண்டிய இடம் தலைப்பன்று; உள்ளே, வயிற்றுவலியைப் பற்றிய சில பக்கங்களில் அது இருக்கிறது.

சீன மருத்துவமனை ஒன்றில் வயிற்றுவலியோடு வந்த ஆறு நோயாளரை மேலை மருத்துவர் சோதிக்கிறார். ஆறு பேருக்கும் ஒரே முடிவு: இரைப்பைப் புண். அதே அறுவரைச் சீன மருத்துவர் பார்த்தலும், கேட்டு முகர்தலும், வினவுதலும், தொட்டறிதலும் ஆகிய நால்வழியால் ஆராய்கிறார். ஒருவர் திடமான உடலினர், முகம் சிவந்திருக்கிறது, குரல் கனத்திருக்கிறது, நாவில் மஞ்சட் படலம். இன்னொருவர் மெலிந்தவர், ஓயாத தாகமும் உள்ளங்கை வியர்வையும் உறக்கமின்மையும் உடையவர். மூன்றாமவர் குளிரை அஞ்சுகிறார். வயிற்றைத் தடவிச் சூடு வைத்தால் வலி தணிகிறது. இவ்வாறே ஏனையோரும் வேறுபடுகின்றனர். ஆகவே ஆறு வகை நிலை, ஆறு வகைச் சிகிச்சை. இந்நிலை ஒவ்வொன்றையும் 'கோலம்' என்று தமிழில் சொல்லத் தோன்றுகிறது. புள்ளிகள் தனித்தனியே பொருளற்றவை. இணைத்தால் வடிவம் தெரியும்.

(ஆசிரியர் மண்ணீரல், கல்லீரல் என்று எழுதும்போது அறுத்துப் பார்க்கும் உறுப்பைக் கருதவில்லை, சில செயல்களின் தொகுப்பைக் கருதுகிறார். அதனாலேயே ஆங்கிலத்தில் அச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்குகிறார். தமிழில் அவ்வசதி இல்லை. மொழிபெயர்க்க முற்படுவோர் எச்சரிக்கையாயிருப்பாராக. 'ச்சி' என்றவுடன் 'பிராணன்' என்றும், கோலம் என்றவுடன் வாத பித்த கபம் என்றும் எழுதிவிடுவது எளிது. இரண்டும் தவறான வழியிலேயே நம்மைச் செலுத்தும்.)

இப்பக்கங்களை நம் இறையியல் மாணவர் அனைவரும் படிக்க வேண்டும் என்பேன். நோய்க்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று நாம் பிரசங்கிக்கிறோம். இச்சீன மருத்துவரோ அம்மனிதரின் குரலையும் நிறத்தையும் அச்சத்தையும் குறித்துக்கொள்கிறார். நோயாளியின் வீட்டில் ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்து, கால்மணி நேரத்தில் எழுந்துவிடும் ஆயர் இங்கு வெட்கப்பட இடமுண்டு.

ஆயினும் அதே பக்கங்களில்தான் நூலின் குறையும் உள்ளது. நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 1982இல், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு நுண்ணுயிரை வளர்த்தெடுத்தனர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அது இன்று பெயர் பெற்றுள்ளது. 1984இல் மார்ஷல் அதனைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். இரைப்பை, முன்சிறுகுடற் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்நுண்ணுயிரும் சில வலிநீக்கி மருந்துகளுமே காரணம் என்பது நிலைநாட்டப்பட்டது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1983இல் எழுதியவர் இதனை அறிந்திருக்க வேண்டும் என்று குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. மேலை மருத்துவமே அந்நாளில் மனக்கவலையையும் அமிலத்தையும் காரமான உணவையும் பழித்துக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு கோலமே. ஆனால் அக்கோலம் உடைந்தது. மருத்துவ உலகம் முதலில் நகைத்தது, பின்னர்ச் சோதித்தது, கடைசியில் தன் பாடநூலைத் திருத்திக்கொண்டது. அறுவகைக் கோலம் எவ்வாறு உடையக்கூடும்? ஒருவர் குணமாகவில்லையெனில் அவருடைய கோலம் சரியாகப் பிரித்தறியப்படவில்லை என்பர். கோலங்களின் ஏற்பாடே பிழையாயிருக்கலாம் என்று கேட்க நூலில் வாயில் இல்லை. ஆறாவது நோயாளர் இரத்த வாந்தி எடுக்கிறார். மலம் கறுத்துப் போகிறது. 'இரத்தம் உறைந்த நிலை' என்பது அவருடைய கோலத்தின் பெயர். அவர் நம் சபையாராயிருப்பின், பெயரை ஆராயாமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வோம்.

யோபுவின் நண்பர் மூவரும் இத்தகைய நெசவாளரே. துன்பத்தையும் பாவத்தையும் ஓட்டையின்றி இணைத்து நெய்திருந்தார்கள். யோபு கதறிய ஒவ்வொரு சொல்லும் அவர்களுடைய துணியில் இன்னோர் இழையாயிற்று. பிறவிக் குருடனைக் கண்டு 'யார் செய்த பாவம்?' என்று கேட்ட சீடர் கையிலும் அதே துணி இருந்தது; ஆண்டவர் அதனைக் கிழித்தார். படைத்தவர் ஒருவர் உண்டென்று அறிக்கையிடுவோர் படைப்பைத் தம் எண்ணத்தின் நீட்சியாகக் கருத இயலாது. அது வேறொருவர் கைவேலை. நம் திட்டத்தை மறுக்கும் உரிமை அதற்கு உண்டு. நூலின் தலைப்போடு நமக்குள்ள வேறுபாடு இதுவே.

வரலாற்று நோக்கிலும் ஒரு குறை கூற வேண்டும். காப்ச்சக் காட்டும் சீனம் மிகவும் அமைதியானது, கற்றோருடையது. சாங் அரசர்களின் எலும்புக் கல்வெட்டுகளில், தம் பல்வலிக்கு எந்த மூதாதையர் காரணம் என்று மன்னர் குறிகேட்கிறார். ஏழாம் நூற்றாண்டின் பெரும் மருத்துவர் சுன் சிமியாவ் தம் நூலொன்றின் இறுதியில் மந்திரங்களையும் சேர்த்துள்ளார். பால் உன்ஷுல்ட் 1985இல் வெளியிட்ட சீன மருத்துவக் கருத்து வரலாறு, பேயும் மூதாதையரும் தாயத்தும் மூலிகையும் அங்கு யின் யாங்கோடு அருகருகே வாழ்ந்ததைக் காட்டுகிறது. 1929இல் நாங்கிங் அரசின் கீழ் இம்மருத்துவத்தை ஒழிக்க முயற்சி எழுந்தது. 1956இல் மக்கள் சீன அரசே பீக்கிங், ஷாங்காய் முதலிய நகரங்களில் அதற்குக் கல்லூரிகள் நிறுவியது. கோலம் பிரித்தறிதலை மையமாக வைத்த ஒழுங்கான பாடத்திட்டம் பெரும்பாலும் அக்காலத்துப் பாடநூல்களின் வேலை. 'நெய்தவன் இல்லாத' சீனத்தை நெய்தவர்களில் பாடநூற் குழுக்களும் உண்டு போலும்!

மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்ற எண்ணமும் தகாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் அழிந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்னும் நச்சு மூலிகை கலந்திருந்தது.

நூலாசிரியரின் பிற்கால வாழ்வு நூலை விடச் சிறந்த விமரிசனம் எனலாம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தாம் கற்ற கலையையே அவர் சோதனைக்கு உட்படுத்தினார். 2008இல் வெளியான ஆய்வில் குடல் உறுத்தல் நோயுற்ற 262 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் காத்திருந்தனர். மறு பிரிவினருக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசி, அதிகப் பேச்சின்றி வைக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு அதே போலி ஊசியோடு கனிவான, நீண்ட உரையாடலும் கிடைத்தது. மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் பெற்றோர் முறையே 28, 44, 62 விழுக்காடு. கேட்கும் செவியே பாதி மருந்தாயிற்று.

இதைப் படித்து மகிழ்ந்து மேடையேறுமுன் 2011இல் வெளியான ஆய்வையும் படிக்க வேண்டும். ஆஸ்துமா நோயாளர் உண்மை மருந்தையும், போலி மருந்தையும், போலி ஊசியையும் பெற்றனர். தமக்கு எவ்வளவு குணம் என்று அவர்களே மதிப்பிட்டபோது முறையே 50, 45, 46 விழுக்காடு என்றனர். எதுவும் பெறாதபோது 21. ஆனால் மூச்சின் அளவைக் கருவியால் அளந்தபோது உண்மை மருந்து 20 விழுக்காடு உயர்த்தியது. மற்றவை ஏறத்தாழ 7, எதுவும் பெறாதபோதும் அதே 7. நலமடைந்ததாக உணர்தல் பொய்யன்று. ஆனால் நுரையீரல் திறக்கவில்லை.

நான் ஆயராயிருந்த சபை ஒன்றில் ஆஸ்துமா உடைய ஆசிரியை ஒருவர், சுகமளிக்கும் கூட்டத்திலிருந்து திரும்பிய இரவே மருந்தைத் தூக்கியெறிந்தார். நான்கு நாட்கள் மகிழ்ச்சியாயிருந்தார். நானும் ஆலயத்தில் ஸ்தோத்திரம் சொன்னேன். ஐந்தாம் இரவு நீலம் பாரித்த உதடுகளோடு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். பிழைத்தார். அவருடைய சாட்சியை அன்று நான் ஐயுறவில்லை; இன்றும் ஐயுறவில்லை. மருந்தைப் பற்றி ஒரு சொல் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஆதலின் 'இது நமக்கு ஆகுமா?' என்று கேட்பவரிடம், ஊசி வைப்பவர் எந்தத் தத்துவத்தை நம்புகிறார் என்று நான் இப்போது வினவுவதில்லை. எவ்வளவு காலமாக வலிக்கிறது, எடை குறைகிறதா, மலம் கறுக்கிறதா, எந்த மருந்தை நிறுத்தினீர்கள் என்று கேட்கிறேன். அதற்குக் கால்மணி நேரம் போதவில்லை.