தப்பிக்க விரும்பாத கைதிகள்

போர்க்கைதிகளை வைத்து ஹாஸ்யம் செய்யப் புறப்படுகிறவனுக்கு ஆரம்பத்திலேயே ஒரு இடைஞ்சல் இருக்கிறது. கைதியின் ஆசை வெளியே போவது. போய்விட்டால் கதை முடிந்துவிடும். இரண்டு மணி நேரச் சினிமாவுக்கு இதனால் பாதகமில்லை. வாராவாரம் அதே முகாமுக்குத் திரும்பி வந்தாக வேண்டிய தொலைக்காட்சித் தொடருக்கோ இது ஜீவாதாரப் பிரச்னை. அமெரிக்காவில் ஸி.பி.எஸ். நிறுவனம் 1965 செப்டம்பரிலிருந்து 1971 ஏப்ரல் வரை 168 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’ இதற்குக் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. அதன் கைதிகளுக்குத் தப்பித்துப் போகும் எண்ணமே கிடையாது.

விளம்பரங்களுக்கு நடுவே காட்டப்பட்ட அரைமணி நேரக் கேளிக்கைக்கு இந்தப் பத்திரிகையில் இத்தனை இடமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அதைக் கலை என்று நிறுவ நான் வரவில்லை. பெரும்பகுதி வெறும் பண்டம்தான். ஆனால் அந்தப் பண்டத்துக்குள், அதைத் தயாரித்தவர்கள் திட்டமிடாத ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஹாம்மல்பர்க் ஊருக்குப் பக்கத்தில், ஜெர்மன் விமானப்படை நடத்தும் முகாம் ஸ்டாலாக் 13. கைதிகளின் தலைவன் அமெரிக்கக் கர்னல் ஹோகன். அவர்களுடைய பாரக்கில் ஒரு கட்டிலைத் தட்டினால் அது மேலே எழும்பிச் சுரங்கத்துக்கு வழி விடுகிறது. சுரங்கத்தில் ரேடியோ, தையல் கூடம், போலி ஆவணங்கள் தயாரிக்கும் வசதி எல்லாம் உண்டு. கமாண்டன்ட் க்ளிங்க் தன் அறையில் பேசுவது ஒரு காப்பிப் பாத்திரத்தின் வழியாக ஹோகனுக்குக் கேட்கிறது. வேலிக்கு வெளியே வெட்டுண்ட மரம் ஒன்றின் அடிக்கட்டை, மூடி மாதிரி திறந்துகொள்கிறது. இரவில் போய்ப் பாலத்தைத் தகர்ப்பார்கள். விமானம் விழுந்து தப்பிய வீரர்களை லண்டனுக்கு அனுப்பிவைப்பார்கள். காலையில் தலை எண்ணும் நேரத்துக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். க்ளிங்கின் ஒரே பெருமை தன் முகாமிலிருந்து எவனும் தப்பியதில்லை என்பது. அந்தப் பெருமையைக் காப்பாற்றிக் கொடுப்பவர்கள் கைதிகளே. ஒருவன் ஓடிவிட்டாலும் க்ளிங்கை ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் இடத்துக்கு விவரம் தெரிந்த ஒருவன் வந்துவிடுவான். ஆகவே அசட்டு எஜமானனின் பதவியை அடிமைகள் கட்டிக் காக்கிறார்கள்.

இது ஒன்றும் புதிதல்ல. ரோமாபுரியில் பிளாட்டஸ் எழுதிய நாடகங்களின் தந்திரக்கார அடிமையும் வீட்டை விட்டு ஓடுவதில்லை. எஜமானனை ஏமாற்றுவான், பணம் பறிப்பான், சின்ன எஜமானின் காதலை நிறைவேற்றி வைப்பான், கடைசியில் அதே வீட்டிலேயே இருப்பான். மேலதிகாரியின் மூளை எந்த அளவுக்கு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் குமாஸ்தாவை எல்லா ஆபீசுகளிலும் பார்க்கலாம். பலவீனனுக்கும் முட்டாள் அதிகாரத்துக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று எப்போதும் இருந்து வந்திருக்கிறது. ஆனால் பிளாட்டஸின் அடிமை பேசும்போது சவுக்கும் சிலுவையும் அவன் ஹாஸ்யத்துக்குள்ளேயே இருக்கின்றன. தன்னை அறையப்போகும் சிலுவையைப் பற்றி அவனே வேடிக்கை பேசுகிறான். சிரிப்புக்கு அடியில் தசை நடுங்குவது தெரிகிறது. கைதியின் நகைச்சுவைக்கு நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். பயம் அதற்குள் இருக்கிறதா?

பில்லி வைல்டரின் ‘ஸ்டாலாக் 17’ (1953) படத்தில் இருக்கிறது. ஆஸ்திரியாவில் ஸ்டாலாக் 17பி முகாமில் கைதிகளாக இருந்த டொனால்ட் பெவன், எட்மண்ட் ட்ரஸின்ஸ்கி என்ற இருவர் எழுதி 1951-ல் பிராட்வேயில் அரங்கேறிய நாடகம்தான் அதற்கு மூலம். படத்தின் தொடக்கத்திலேயே இரண்டு பேர் சுரங்கம் வழியாகத் தப்பிக்கப் போகிறார்கள். பாரக்கில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, செஃப்டன் என்பவன் மட்டும் அவர்கள் காட்டைத் தாண்டமாட்டார்கள் என்று சிகரெட்டுகளைப் பந்தயம் வைக்கிறான். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. செஃப்டன் ஜெயித்த சிகரெட்டுகளை அள்ளிக்கொள்கிறான். எலிப் பந்தயம் நடத்துபவன், சாராயம் காய்ச்சுபவன், ருஷ்யப் பெண் கைதிகளைத் தொலைநோக்கியில் பார்க்கக் கட்டணம் வசூலிப்பவன் இவன். உள்ளே ஒரு உளவாளி இருக்கிறான் என்று தெரிந்ததும் சந்தேகம் இவன் மேல் விழுகிறது, அடித்து நொறுக்குகிறார்கள். உண்மையான உளவாளி, பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருக்கும் பிரைஸ். குற்றத்தை முடிச்சவிழ்த்துக் கண்டுபிடிக்கிறவன் செஃப்டன். பிரைஸின் காலில் தகர டப்பாக்களைக் கட்டி இரவில் வெளியே தள்ளுகிறார்கள். அவனுடைய ஆட்களே அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். அந்தக் களேபரத்தை மறைவாக வைத்துக்கொண்டு செஃப்டன் வேலியைத் தாண்டுகிறான், அதுவும் பணக்காரக் குடும்பத்து அதிகாரி ஒருவனைக் காப்பாற்றினால் வெகுமதி கிடைக்கும் என்று கணக்குப் போட்டு. போகும்போது சகாக்களிடம் சொல்லும் கடைசி வார்த்தையில்கூட நட்பு கிடையாது.

சிரிப்பும் சாவும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும் என்பதில் வைல்டருக்குத் தயக்கமே இல்லை. முகாம் தலைவனாக வரும் ஓட்டோ பிரமிஞ்சர், காலுறையோடு நின்றுகொண்டு, பெர்லினோடு டெலிபோனில் பேசுவதற்காக மட்டும் பூட்ஸை மாட்டச் சொல்கிறான். பேச்சின் நடுவே குதிகாலைச் சேர்த்துச் சத்தமெழுப்பி மரியாதை காட்ட பூட்ஸ் வேண்டுமே. பேசி முடிந்ததும் கழற்றிவிடுகிறான். கண்ணுக்குத் தெரியாத எஜமானனுக்குப் பணியும் உடம்பை இதைவிடக் கச்சிதமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வைல்டர் 1933-ல் பெர்லினை விட்டு ஓடிய யூதர். அவருடைய தாய் நாஜிகளால் கொல்லப்பட்டவர். பிரமிஞ்சரும் வியன்னாவிலிருந்து வந்த யூதரே. ஜெர்மனியில் திரையிடுவதற்காக உளவாளியைப் போலந்துக்காரனாக மாற்றலாம் என்று பாரமவுண்ட் நிறுவனம் யோசனை சொன்னதாகவும், அதனாலேயே தான் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறியதாகவும் வைல்டர் பின்னால் சொல்லியிருக்கிறார்.

‘ஹோகன்ஸ் ஹீரோஸி’ல் செஃப்டன் இல்லை, பிரைஸ் இல்லை. கைதிகளுக்குள் பசியோ பகையோ இல்லை. நாசவேலைக்கு விலையே கிடையாது. பாலம் வெடிக்கிறது, மறுநாள் காலையில் ஒருவனையும் சுவரோரம் நிறுத்திச் சுடுவதில்லை. நிஜத்தில் 1944 மார்ச்சில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து 76 பேர் சுரங்கம் வழியாகத் தப்பினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். நாசவேலை என்ற சொல்லின் முழு அர்த்தம் தெரிய வேண்டுமானால், போர்க்கைதி முகாம்களை விட்டு, டோரா அடிமை முகாமுக்குப் போக வேண்டும். மலையைக் குடைந்த அந்தச் சுரங்கங்களில் வி-2 ராக்கெட்டுகளைச் செய்தவர்கள் ஒரு பற்றவைப்பை வேண்டுமென்றே பலவீனமாக விட்டிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கே தூக்கில் ஏற்றப்பட்டார்கள். பாரம் தூக்கும் கிரேன்தான் தூக்குமரம். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாக வேண்டும்.

ஹாம்மல்பர்க்கும் நிஜமான ஊர்தான். நிஜமான முகாம்கள் அங்கே இருந்தன. 1945 மார்ச்சில் ஜெனரல் பேட்டன் அங்கிருந்த அமெரிக்கக் கைதிகளை மீட்க சுமார் 300 பேர் கொண்ட படையை அனுப்பினார். அவருடைய மருமகனும் அந்த முகாமில் கைதியாக இருந்தார். மீட்கப் போனவர்களில் மிகச் சிலரே திரும்பினார்கள். அதற்கு முன்பே, 1941-லும் 42-லும், அங்கே இருந்த சோவியத் அதிகாரிகளைப் பொறுக்கியெடுத்து டாஹாவ் அருகே கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறார்கள். ஜெர்மானியர் கையில் சிக்கிய சோவியத் கைதிகள் சுமார் 57 லட்சம் பேரில் 33 லட்சம் பேர் இறந்தார்கள். தொடரின் முதல் பகுதியில் ஒரு ருஷ்யக் கைதி இருந்தான். இரண்டாவது பகுதியிலிருந்து அவனைக் காணவில்லை. யாரும் அவனைப் பற்றி விசாரிப்பதுமில்லை. அதன் பிறகு ருஷ்யா என்பது க்ளிங்கை மிரட்டப் பயன்படும் ஒரு வார்த்தை மட்டுமே. தயாரிப்பாளர் ஆல்பர்ட் ரடியும் பெர்னார்ட் ஃபைனும் முதலில் யோசித்தது அமெரிக்கச் சாதாரணச் சிறைச்சாலை ஒன்றை. அதை வாங்க ஆளில்லாததால் களத்தை ஜெர்மனிக்கு மாற்றினார்கள் என்பதை அறியும்போது இதெல்லாம் ஆச்சரியமாக இல்லை. கலிஃபோர்னியாவில் கல்வர் சிட்டி அரங்கத்தில் எந்த மாதத்திலும் அகலாமல் கிடக்கும் பொய்ப் பனியைப் போலத்தான் நாஜிகளும் தருவிக்கப்பட்டார்கள்.

சிரிப்பும் தருவிக்கப்பட்டதே. 1965-ல் இந்தத் தொடரின் முதல் பகுதியைச் சிரிப்பொலி சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விதமாகப் போட்டுப் பரிசோதித்தார்கள். ஒலி சேர்த்ததற்கே வரவேற்பு அதிகம். அதன் பிறகு ஸி.பி.எஸ். தன் நகைச்சுவைத் தொடர்களுக்கெல்லாம் அதையே வழக்கமாக்கிற்று. நாஜி அதிகாரியைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று பார்வையாளன் தயங்கும் அரைக் கணத்தை அவனுக்காக இயந்திரம் சிரித்து நிரப்பிவிடுகிறது. அந்தத் தயக்கம்தான் வைல்டர் வேலை செய்த இடம்.

இவ்வளவு சொன்ன பிறகு தொடரைத் தூக்கியெறிந்துவிட்டுப் போகலாம். என்னால் முடியவில்லை. காரணம் நான்கு நடிகர்கள்.

க்ளிங்காக நடித்த வெர்னர் க்ளெம்பரர், சங்கீத மேதை ஓட்டோ க்ளெம்பரரின் மகன். 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய குடும்பம். க்ளிங்க் ஒருமுறைகூட ஜெயிக்கக்கூடாது, ஜெயித்தால் விலகிவிடுவேன் என்ற நிபந்தனையோடு வேஷத்தை ஏற்றவர். வயலின் நன்றாக வாசிக்கத் தெரிந்த அந்த மனிதர், க்ளிங்காக வயலினை எடுக்கும்போது காது கூசும்படி வாசிக்கிறார். காவலன் ஷுல்ட்ஸாக வரும் ஜான் பானர், ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியபோது வெளியே நின்றதால் பிழைத்த யூதர், குடும்பத்தை இழந்தவர். ஜெனரல் பர்க்ஹால்டராக வரும் லியான் ஆஸ்கினின் பெற்றோர் டிரெப்ளிங்காவில் கொல்லப்பட்டார்கள். பிரெஞ்சுக் கைதி லெபோவாக நடித்த ராபர்ட் க்ளேரி, 1942-ல் பதினாறு வயதில் பாரீஸிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுக் கடைசியில் புஹன்வால்ட் முகாமிலிருந்து மீண்டவர். கையில் எண் பச்சை குத்தப்பட்டிருந்தது. அவரோடு கொண்டுபோகப்பட்ட குடும்பத்தினர் எவரும் திரும்பவில்லை.

தொடருக்குள் நடக்கும் உண்மையான நாசவேலை இவர்களுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. ஹோகன் தகர்க்கும் பாலங்கள் அட்டைப் பாலங்கள். க்ளெம்பரரோ நாஜி அதிகாரியின் சீருடைக்குள் நுழைந்து, ஒற்றைக் கண்ணாடியையும் முதுகின் விறைப்பையும் உள்ளிருந்தே பழுதாக்குகிறார். தன்னை யாராவது மெச்ச வேண்டுமே என்று அவர் ஹோகனைப் பார்க்கும் பார்வை எந்த வசனகர்த்தாவும் எழுதிக் கொடுத்ததாக இருக்க முடியாது. இந்த மாதிரி ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று அருகிலிருந்து பார்த்தவனின் ஞாபகம் அது.

ஆனால் ஷுல்ட்ஸ் விஷயத்தில் நாசவேலை எதிர்த்திசையிலும் வெடிக்கிறது. போருக்கு முன் பொம்மைத் தொழிற்சாலை முதலாளியாக இருந்த இந்தப் பருத்த மனிதன், கைதிகளின் ஒவ்வொரு சதியையும் நேருக்கு நேர் பார்க்கிறான். பார்த்துவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை, தனக்கு எதுவும் தெரியாது என்று ஓலமிடுகிறான். அதற்குத்தான் இயந்திரம் அதிகமாகச் சிரித்தது. அமெரிக்கக் குழந்தைகள் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். 1945-க்குப் பிறகு ஒரு தேசம் முழுவதும் சொன்ன வாக்குமூலம் அல்லவா அது? தன் குடும்பத்தை அழித்தவர்கள் சொன்ன சாக்கை பானர் எடுத்துக்கொண்டு, அதை மனிதாபிமானமாக மாற்றுகிறார். அவன் காணாமல் விடுவதால் கைதிகள் பிழைக்கிறார்கள். நமக்கு ஷுல்ட்ஸைப் பிடித்துவிடுகிறது. பிடித்துப்போவதோடு கூடவே வேறெதையோ மன்னித்தும் விடுகிறோம். பானர் அதை உத்தேசித்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. எனக்கு உறுத்துவது, அந்த மன்னிப்பை வழங்க நான் யார் என்பதுதான்.

ஜெர்மானியர்கள் இந்தத் தொடரை 1990களில்தான் பார்த்தார்கள். முதலில் செய்த டப்பிங் எடுபடவில்லை. பிறகு வசனத்தை மாற்றி எழுதி, க்ளிங்குக்கு ஸாக்ஸன் கொச்சையும் ஷுல்ட்ஸுக்கு பவேரியக் கொச்சையும் கொடுத்தார்கள். கண்ணில் படாத ஒரு வேலைக்காரியை க்ளிங்குக்குக் காதலியாக இட்டுக்கட்டினார்கள். கையை உயர்த்தும் இடத்தில் செடி எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்பது போன்ற பேச்சைச் சேர்த்தார்கள். வெற்றி பெற்றது. அந்தக் கையுயர்த்தலை அங்கே சட்டம் தடை செய்திருக்கிறது. செடியின் உயரம் ஒருவகையில் புத்திசாலித்தனமான அவமதிப்புத்தான். ஷுல்ட்ஸ் மாதிரியே கண்ணை மூடிக்கொள்வதும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

க்ளேரி புஹன்வால்டில் ஒரு அக்கார்டியன்காரரோடு சேர்ந்து ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு எஸ்.எஸ். படையினருக்காகப் பாடியிருக்கிறார். தான் பிழைத்ததற்குப் பாட்டும் ஒரு காரணம் என்பார். போர்க்கைதி முகாம் வேறு, தான் கிடந்த முகாம் வேறு என்று தன்னைக் கேட்டவர்களுக்கு நிதானமாகவே பதில் சொல்லி வந்தார். தான் அனுபவித்ததை வெளியே பேச ஆரம்பித்தது 1980-ல்தான், 2022-ல் இறந்தார். தொடரில் அவருடைய லெபோ சமையல்காரன். க்ளிங்கின் விருந்தாளிகளுக்குச் சமைக்கிறான். ஷுல்ட்ஸின் வாயை அடைக்க ஸ்ட்ரூடல் என்ற பலகாரத்தைக் கொடுக்கிறான். அப்படி ஒரு காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். குள்ளமான க்ளேரி தட்டை நீட்டுகிறார். சீருடைக்குள் பிதுங்கும் பானர் இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறார். கேமரா சீக்கிரமே ஹோகனின் முகத்துக்குப் போய்விடுகிறது.